ஞாயிறு ஒதுக்கினால் புதனுக்குள் பழைய கோலம்: முழு வீட்டையும் எப்படித்தான் ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள்?

ஏழு_கத்தரிக்கோல்

எங்கள் வீட்டில் ஏழு கத்தரிக்கோல்கள் இருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணினேன். எட்டாவதை வாங்கக் கிளம்பியபோது செருப்பு அலமாரிக்குள் ஒன்று கண்ணில் பட்டது. வந்த கோபத்தில் கிளம்பிய காரியத்தை விட்டுவிட்டு வீடு முழுவதும் தேடி எண்ணினேன்.

நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். அலுவலகத்தில் என் மேசையிலிருந்து ஒரு குண்டூசி நகர்ந்தாலும் எனக்குத் தெரியும். வீட்டில் மட்டும் என் பாச்சா பலிப்பதில்லை. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, அதன்மேல் ஒரு பரண். கணவர், மாமியார், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், நான். இடம் போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதே வீட்டில் குடிவந்த முதல் மாதம் பேசினால் எதிரொலி கேட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். மதியம் ஒரு மணிக்குத் தரை தெரிகிறது, மேசை தெரிகிறது. திங்கள்கிழமை தாங்குகிறது. செவ்வாய் மாலை சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு கடிதம். அதன்மேல் ஒரு சார்ஜர். அதன்மேல் மகனின் ஒற்றைக் காலுறை. புதன் இரவு நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

தொழில் புத்தி விடவில்லை. ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்: யார், எதை, எவ்வளவு நேரம் தேடினார்கள் என்று. ஏழு நாளில் 19 தேடல். மொத்தம் 3 மணி 10 நிமிடம். அதில் நீண்டது 50 நிமிடம், சலவை இயந்திரத்தின் உத்தரவாத ரசீது. கடைசியில் கிடைத்தது. ஆனால் அதில் ஓர் எழுத்துகூட இல்லை. வெள்ளைத் தாள். பொக்கிஷமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

மூடி போட்ட பெட்டிகள் பன்னிரண்டு வாங்கினேன். அடைசலைப் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டால் ஒழுங்கு வந்துவிடும் என்று நம்பினேன். இப்போது பெட்டிகளைத் தாண்டித்தான் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது.

மாமியாரைப் பற்றியும் சொல்லவேண்டும். குறை சொல்வதாக நினைக்கவேண்டாம், இந்த வீட்டில் பொத்தான் தைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் எதை எடுத்தாலும் "சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார். எங்கள் வீட்டில் துரும்பு மட்டும் இரண்டு அட்டைப்பெட்டி இருக்கிறது. அதில் ஒரு தகர டப்பா நிறைய சாவிகள். எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. "தூக்கிப் போட்ட மறுநாள்தான் பூட்டு கிடைக்கும்" என்பது அவருடைய வாதம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு நாள் ஒதுக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு, எல்லாரும் களைத்திருக்கும்போது, ஒரு வீடு எப்படி வீடாக இருக்கிறது? அதைத்தான் கேட்கிறேன்.

துடைப்பம்

ஆறு கத்தரிக்கோலைத் தூக்கிப் போடுங்கள். வேலை முடிந்தது.

ஏழு_கத்தரிக்கோல்

எந்த ஆறு?

பழைய_நூலகர்

அம்மா, ஆறையும் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் பொது நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஒதுக்குவது. ஒதுக்குவது என்றால் ஓரம் தள்ளுவது. ஐந்து மணி நேரம் நீங்கள் செய்வது அதுதான். தள்ளிய பொருள் திரும்ப நடுவுக்கு வரத்தான் செய்யும், போக அதற்கு இடம் இல்லையே.

நூலக வாசிப்பறையில் ஓர் அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள்: படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுச் செல்லவும், அடுக்கில் திரும்ப வைக்கவேண்டாம். வாசகர்களைச் சோம்பேறி ஆக்குகிறோம் என்று பலர் நினைப்பதுண்டு. விஷயம் வேறு. மேசைமேல் கிடக்கும் புத்தகத்தை மாலையில் நாங்கள் எடுத்துச் சரியான வரிசையில் வைத்துவிடுவோம். வாசகர் நல்லெண்ணத்தோடு இரண்டு அடுக்கு தள்ளி வைத்துவிட்டால், அந்தப் புத்தகம் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை செத்ததற்குச் சமம். பட்டியலில் இருக்கும், வெளியே போன பதிவு இருக்காது, கைக்கு மட்டும் கிடைக்காது. திருடு போனால்கூட வேறு பிரதி வாங்கலாம். இடம் மாறிய புத்தகத்துக்கு அதுவும் முடியாது, ஏனென்றால் அது இருக்கிறது!

உங்கள் செருப்பு அலமாரிக் கத்தரிக்கோல் அப்படிப்பட்டதுதான். யாரோ அவசரத்தில் நல்லெண்ணத்தோடு ஒதுக்கி வைத்தது.

ஆகவே கூடத்தில் ஒரே ஒரு கூடை வையுங்கள். எதன் இடம் தெரியவில்லையோ, எதை வைக்க நேரமில்லையோ, அது கூடைக்குள் போகட்டும். வேறு எந்த மூலைக்கும் போகக்கூடாது. இரவு ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து கூடையைக் காலி செய்யட்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பொருள் ஒரே வாரத்தில் மூன்று முறை கூடைக்கு வந்தால் ஆளைத் திட்டாதீர்கள். அந்தப் பொருளுக்கு நீங்கள் கொடுத்த இடம் தவறு. இடத்தை மாற்றுங்கள்.

எங்கள் துறையில் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் பாடம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அவர் புத்தகத்துக்குச் சொன்னதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் இனம் இனமாக அடுக்குவோம். வீட்டில் அப்படி அடுக்கினால் நேரம் வீணாகும். எல்லாக் கத்தரிக்கோலும் ஒரே இழுப்பறையில் என்பது பார்க்க அழகு. ஆனால் சமையலறையில் பொட்டலம் பிரிப்பவர் படுக்கையறை இழுப்பறைக்கு நடக்கமாட்டார். பல்லால் கடிப்பார், அல்லது எட்டாவது கத்தரிக்கோல் வாங்குவார். எங்கே வெட்டுகிறீர்களோ அங்கே ஒன்று. சமையலறை, தையல் பெட்டி, பிள்ளைகள் மேசை, வாசல் பக்கம். நான்கு ஆயிற்று. கைப்பிடியில் இடத்துக்கு ஒரு நிறமாக நாடா சுற்றுங்கள். பச்சை நாடா வாசலில் கிடந்தால் அது சமையலறையிலிருந்து வந்த விருந்தாளி என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மீதி மூன்றைப் பற்றி துடைப்பம் அவர்கள் சொன்னதை யோசிக்கலாம்.

ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. அதனால்தான் எந்த அடுக்கையும் நாங்கள் முழுக்க நிரப்புவதில்லை, வலது பக்கம் கொஞ்சம் காலியாக விடுவோம். முழுக்க நிரம்பிய வரிசையில் புதிதாக ஒரே ஒரு புத்தகம் வந்தாலும் அடுத்த நான்கு அடுக்கை நகர்த்தவேண்டும். உங்கள் துணி அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஒரு சட்டையை உருவினால் ஐந்து விழுகிறதா? விழுந்தால், அந்த அலமாரி ஏற்கெனவே அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது. மடிப்பதில் குறை ஒன்றும் இல்லை.

மூன்று_பிள்ளைக்காரி

நூலகர் ஐயா எழுதியதெல்லாம் சரி. "இரவு ஒருவர் பத்து நிமிடம்" என்று ஒரு வரி போட்டிருக்கிறாரே, அந்த ஒருவர் யார்?

எங்கள் வீட்டில் அந்தக் கூடை இரண்டு வருடம் இருந்தது. முதல் வாரம் முறை போட்டோம். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த "ஒருவர்" நான். பிறகு கூடை என்பதே "அம்மா வைப்பாள்" என்பதற்கு மறுபெயர் ஆகிவிட்டது. நூலகத்தில் அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், ஐயா.

இப்போது நாங்கள் செய்வது வேறு. ஒரே கூடை கிடையாது, ஆளுக்கொரு சிறு கூடை, மாடிப்படியின் கீழ். நான் எதையும் அதன் இடத்தில் வைப்பதில்லை. கண்ணில் பட்டதை உரியவர் கூடையில் போடுவதோடு சரி. கூடை நிரம்பி வழிந்தால் அது அவர் பாடு. மூத்தவன் பதினொரு நாள் காலியாக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவனுடைய காது ஒலிப்பான் அடியில் மாட்டிக்கொண்டது. அன்றைக்குக் காலியாயிற்று. இடையில் நான் பொறுத்துக்கொண்டது பெரிய தவம். வீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கூடையைப் பார்த்து என்ன நினைத்தார்களோ! நினைக்கட்டும்.

பழைய_நூலகர்

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டில் அந்த ஒருவர் நான்தான், ஓய்வு பெற்றதால். அதற்கு முன் யார் என்று கேட்காதீர்கள்.

சிவப்புச்_சீட்டு

நான் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எங்களிடம் 5எஸ் என்று ஒரு முறை உண்டு. ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்று ஐந்து சொற்கள். வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் கொடு, சுத்தம் செய், அதையே முறையாக்கு, பழக்கமாக்கு. கேள்வி கேட்டவர் ஞாயிறு தோறும் மூன்றாவதைச் செய்கிறார். முதல் இரண்டும் நடக்காமல் மூன்றாவதைச் செய்தால் புதன்கிழமை வரத்தான் செய்யும்.

முதல் படியில் எங்களுக்கு ஒரு கருவி இருக்கிறது: சிவப்புச் சீட்டு. தேவையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அங்கேயே நின்று விவாதிப்பதில்லை. தேதி எழுதிச் சிவப்புச் சீட்டைக் கட்டி ஒரு தனி மூலைக்கு அனுப்பிவிடுவோம். எங்கள் பட்டறையில் முப்பது நாள் கெடு. யாரும் வந்து கேட்கவில்லை என்றால் வெளியே போகும். இதில் எனக்குப் பிடித்தது, யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவேண்டியதில்லை. தேதி பேசும். உங்கள் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் இன்றே தேதிச் சீட்டு ஒட்டுங்கள். எதைத் திறந்தீர்களோ அதன் சீட்டைக் கிழித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சீட்டு கிழியாத பெட்டிகள் எத்தனை என்று எண்ணினால் போதும், தணிக்கைக்காரருக்கு மேற்கொண்டு நான் சொல்லவேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. தொழிற்சாலையில் கருவிகளைத் தொங்கவிடும் பலகையில் ஒவ்வொன்றின் உருவத்தையும் வரைந்து வைப்போம். சுத்தியல் இல்லாவிட்டால் சுத்தியல் வடிவத்தில் வெற்றிடம் தெரியும். அருமையான ஏற்பாடு. உற்சாகத்தில் வீட்டுச் சமையலறைச் சுவரில் கரண்டிகளுக்கு வரைந்துவிட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால் சோபாவில் சுண்ணக்கட்டியால் என் உருவம் வரையப்பட்டிருந்தது. படுத்த நிலையில்.

ஐந்து_வோல்ட்

மின்சாதனங்கள் பழுதுபார்ப்பது என் தொழில். மற்ற அறைகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எல்லா வீட்டிலும் ஓர் இழுப்பறை இருக்குமே, திறந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும், கையை உள்ளே விட்டு எதையோ அமுக்கினால்தான் முழுதாகத் திறக்கும். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைத் தாள். அதில் மை என்று ஒன்று கிடையாது. காகிதத்தின்மேல் பூசிய இரசாயனம் சூட்டில் கறுத்துத்தான் எழுத்து தெரிகிறது. வெளிச்சம் பட்டாலும் சூடு பட்டாலும் மங்கும். சில வகைப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். நீங்கள் பொக்கிஷமாக வைத்ததே வினையாகியிருக்கலாம். வாங்கிய அன்றே நகல் எடுத்தோ, படம் பிடித்தோ வைத்தால்தான் ரசீது.

அடுத்து அடாப்டர்கள். உருண்டை முனை எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வருவது 5 வோல்ட்டாக இருக்கலாம், 12-ஆக இருக்கலாம், 19-ஆகவும் இருக்கலாம். "பொருந்துகிறதே" என்று சொருகிப் புகைய வைத்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். புதுச் சாதனத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும் அந்த நிமிடத்திலேயே அடாப்டரின் முதுகில் ஒட்டுத்தாளில் அது எதற்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மறுநாளே மறந்துவிடும். இப்போது இழுப்பறையில் அநாதையாகக் கிடப்பவற்றை, வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் உரியதைப் பக்கத்தில் வைத்தபின் எண்ணுங்கள். மிஞ்சியவற்றின் சாதனம் எப்போதோ செத்துப்போயிருக்கும்.

பேட்டரி. ஓடாத கடிகாரம், பழைய ரிமோட், பொம்மை இவற்றிலிருந்து உடனே கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளியே வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். அங்கே படியும் வெள்ளைத் தூளை வெறும் கையால் தொடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கம். தளர்வாகக் கிடக்கும்போது சாவியோ நாணயமோ குறுக்கே விழுந்தால் சுடும், தீப்பற்றவும் கூடும். முனையில் ஒட்டுநாடா போட்டு வையுங்கள். சாவி டப்பா வேறு இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே இதை இன்றைக்கே பாருங்கள்.

பொத்தான் பேட்டரி எங்கேயும் உதிரியாக இருக்கக்கூடாது. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது. உங்கள் மகன் பெரியவன்தான், ஆனால் வீட்டுக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் இழுப்பறையைத்தான் முதலில் திறப்பார்கள்.

நானும்_மாமியார்

வயது அறுபத்தெட்டு. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். என் மருமகளும் இப்படி ஒரு கேள்வியை எங்கேயாவது எழுதியிருப்பாள் என்ற சந்தேகத்தோடுதான் படித்தேன். ஏழு கத்தரிக்கோல் எங்கள் வீட்டில் இல்லை, ஆகவே இது அவள் இல்லை.

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-ல் மனிதரின் ஒரு குணத்துக்குப் பெயர் வைத்தார்: உடைமை விளைவு. ஒரு பொருள் நம்முடையது ஆனவுடனேயே நம் கண்ணுக்கு அதன் மதிப்பு கூடிவிடுகிறது. 1990-ல் அவரும் கானமன், நெட்ச் என்ற ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்க முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அந்தக் கோப்பை அவர்கள் கையில் இருந்தது சில நிமிடம்தான். உங்கள் மாமியாரின் டப்பா எத்தனை வருடமாக இருக்கிறது?

அதனால் "இதைத் தூக்கிப் போடலாமா, அத்தை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்ற பதில் முன்பே தயாராக இருக்கிறது. "இது இன்று நம்மிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம், தேடிப்போய் வாங்குவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். நானே என்னிடம் இப்படிக் கேட்டுக்கொண்டுதான் பதினாறு கைப்பைகளில் பதிமூன்றை வெளியேற்றினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாத நேரத்தில் எதையும் எடுத்து எறியாதீர்கள். ஒரே ஒரு முறை எறிந்தது தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு காலி மருந்துப் புட்டியைக்கூட உங்களிடமிருந்து ஒளித்துவைப்பார். என் மகன் எறிந்த பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு என் கணவருடையது. இன்றும் குப்பைத்தொட்டி மூடும் சத்தம் கேட்டால் என் கை ஒரு நொடி நிற்கிறது.

பொருள்களைச் சேர்ப்பது நோயாகும் நிலையும் உண்டு. படுக்கையில் படுக்க இடமில்லாத அளவுக்குப் பொருள்கள் குவிவதும், எதைப் பிரிந்தாலும் தாங்க முடியாத வேதனை வருவதும் அதன் அடையாளம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில் 2013-ல் அதைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். அதற்கு மருத்துவரிடம்தான் போகவேண்டும். இரண்டு அட்டைப்பெட்டி அந்த வகை இல்லை, பயப்படாதீர்கள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டைப்பெட்டி வேண்டாம். அட்டையை ஒட்டிய பசையும் காகிதமும் ராமபாணப் பூச்சிக்கு உணவு. அதில் புகைப்படம் வைத்திருந்தால் முதலில் அதைக் காப்பாற்றுங்கள்.

ஏழு_கத்தரிக்கோல்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நன்றி சொல்லவும், கணக்கு ஒப்படைக்கவும்.

நாடா சுற்றிய கத்தரிக்கோல்கள் நான்கும் இதுவரை இரண்டு முறைதான் வழிதவறின. இரண்டு முறையும் மகன்தான் கண்டுபிடித்து, "பச்சை வெளியூர் போயிருந்தது" என்று கொண்டுவந்தான். ஆளுக்கொரு கூடை வைத்தேன். மாடிப்படி இல்லாததால் கூடத்துச் சுவரோரம். என் கணவரின் கூடைதான் முதலில் வழிந்தது. எட்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இதெல்லாம் என்னுடையதா?" என்றார். அந்த முகத்தைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டேன்.

தேடல் குறிப்பேட்டை மறுபடி ஒரு வாரம் எழுதினேன். 19 இப்போது 7. நேரம் 40 நிமிடம். இழுப்பறையில் அநாதை அடாப்டர் ஒன்பது, பேட்டரி கசிந்த ரிமோட் இரண்டு. பன்னிரண்டு பெட்டிகளில் சீட்டு கிழிந்தது மூன்றில். ஆறு மாதம் ஆகவில்லை, ஆகவே மீதி ஒன்பதையும் நான் இன்னும் தொடவில்லை. ஞாயிறு காலை இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. சாப்பாட்டு மேசை மட்டும் இன்னும் வசப்படவில்லை. அகலமான பரப்பு எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டார் கை தானாகப் போகிறது.

இனி சாவி டப்பா. நானும்_மாமியார் அவர்கள் சொன்னபடி அத்தையோடு ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். "தேடிப்போய் வாங்குவோமா?" என்று கேட்டேன். "பூட்டு இல்லாமல் யாராவது சாவி வாங்குவார்களா, பைத்தியமே" என்றார். நியாயம்தான். சரி, பூட்டைத் தேடுவோம் என்று கிளம்பினோம். மொத்தம் 23 சாவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஒட்டினேன். வீட்டிலுள்ள எல்லாப் பூட்டுகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அத்தை முன்னால் சாவியோடு, நான் பின்னால் குறிப்பேட்டோடு. அலமாரி, மேசை, பின்கதவு, மகளின் சைக்கிள். போகும் வழியெல்லாம் அவர் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கதை சொன்னார். எட்டாம் எண் அவர்கள் முதலில் குடியிருந்த வீட்டின் வாசல் சாவி. அந்த வீட்டை இடித்தே இருபது வருடம் ஆகிறது. அதைப் போடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது இப்போது அவர் தையல் பெட்டியில் இருக்கிறது. அதற்கு அதுதான் இடம் என்று எழுதிக்கொண்டேன்.

ஆறு சாவிகளுக்குப் பூட்டு கிடைத்தது. பதினாறுக்கு எதுவும் இல்லை. "கொடுத்துவிடு, பழைய இரும்புக்காவது ஆகும்" என்று அவரே சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் தேதி போட்டுக் குறித்திருக்கிறேன்.

அந்த ஆறில் ஒன்றுதான் பதினேழாம் எண். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி, நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. சாவி தொலைந்தது என்று விட்டுவிட்டோம். பதினேழு அதில் போய் உட்கார்ந்து, கொஞ்சம் அடம்பிடித்து, திரும்பியது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிவந்து தலையை நீட்டினார்கள். கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று கைவிளக்கு கொண்டுவந்தார்.

பெட்டி காலி. அடியில் விரித்த பழைய செய்தித்தாளைத் தவிர ஒன்றுமே இல்லை.

"நல்ல பெட்டி. துருவே இல்லை. ஏதாவது வைக்கலாம்" என்றார் அத்தை.

நான்கு நாளாக அதைக் காலியாகவே வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது மூடியின்மேல் யாரோ ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள்.